மிக்கேலியம் என்ற ஊரின் குடியுரிமை

நான் வேலை செய்த அருங்காட்சியகத்தில் ரோமானிய ஊர்த் தேர்தலை இப்போது தொடுதிரையில் நடத்துகிறார்களாம். பிள்ளைகள் ஆளுக்கொரு தரம் திரையைத் தொட, முடிவு உடனே சுவரில் வந்துவிடுகிறதாம். சென்னையிலிருந்து படிக்க வந்து அங்கே பகுதிநேர வழிகாட்டியாக இருக்கும் நித்யா போன மாதம் தொலைபேசியில் சொன்னாள்.

"மேடம், கூடையில ஓட்டுப் போட்டு, அதுக்குக் காவல் வச்சு, எண்ணி... இதெல்லாம் நிஜமாவே பண்ணீங்களா? பசங்க பொறுமையா இருந்தாங்களா?" என்று சிரித்தாள். பிறகு, "உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த கிளாஸ் எது?" என்று கேட்டாள்.

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்றேன். அதனால் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவள். எண்பதுகளின் கடைசியில் மொன்றியலுக்கு வந்தேன். பகலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையலுக்கு உதவி, மாலையில் பிரெஞ்சு வகுப்பு. பிரெஞ்சு எனக்குச் சுலபமாக வரவில்லை. ஆனாலும் வந்தது. சில ஆண்டுகளில், வார இறுதிக்கு வழிகாட்டிகள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, டவுன்டவுனில் இருந்த அந்த அருங்காட்சியகத்துக்கு விண்ணப்பித்தேன். ஜெசிந்தா என்ற என் பெயர் கெபெக் மாகாணத்தில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கிற பெயர். அவர்கள் அதை 'ஜசேந்த்' என்பார்கள். தாளில் அந்தப் பெயரைப் பார்த்து உள்ளூர்ப் பெண் ஒருத்தியை எதிர்பார்த்திருந்த, என்னை நேர்முகம் காண இருந்த முசியூ துகே, சேலையோடு உள்ளே போன என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து, தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"மதாம், உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

"தெரியாது என்று சொல்வேன்."

வேறு பெரிதாக எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை. அடுத்த சனிக்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

முசியூ துகேதான் கல்விப் பிரிவின் தலைவர். காஸ்பே கடற்கரையில் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்து, பாதிரியார்களிடம் லத்தீன் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர். நெடிய உருவம், தோளில் லேசான கூன். மத்தியானத்தில் கடுகுப் பசை தடவிய முட்டை சாண்ட்விச்சைத் தவிர வேறு எதையும் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் வகுப்பு நடத்தும்போது சத்தமில்லாமல் வந்து, கைகளைக் காற்சட்டைப் பையில் விட்டபடி கடைசியில் நிற்பார். பிள்ளைகளுக்கு முன்னால் யாரையும் திருத்தவே மாட்டார். எல்லோரும் போன பிறகு ஒரேயொரு கேள்வி கேட்பார்.

ஒருநாள் நான் வகுப்பில், "ரோமானியர்கள் வெள்ளை உடை அணிந்தார்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "எல்லோருமா, மதாம்? சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தவனுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று வீடு போகும்வரை மெத்ரோ ரயிலில் அந்தச் சூளைக்காரனையே நினைத்துக்கொண்டு போனேன்.

எங்களுக்கு அவர் மூன்று வாக்கியங்களைக் கற்றுத் தந்திருந்தார். 'சட்டம் இப்படிச் சொல்கிறது', 'நாங்கள் இப்படி நினைக்கிறோம்', 'எங்களுக்குத் தெரியாது.' எதைச் சொன்னாலும் இந்த மூன்றில் ஒன்றில் தொடங்க வேண்டும். பிள்ளைக்கு இன்று சொன்னதை நாளைக்குத் திரும்ப வாங்கும்படி வரக்கூடாது என்பது அவருடைய ஒரே கட்டளை.

ஒரு வகுப்பு பல தடவை வந்து செய்யும் ஊர்த் தேர்தல் பட்டறை அவருடைய கைவேலை. ஸ்பெயினின் தெற்கே மண்ணுக்கடியில் கிடைத்த வெண்கலப் பலகைகளில், ரோமப் பேரரசு சிறிய ஊர்களுக்குக் கொடுத்த ஊராட்சிச் சட்டம் பொறிக்கப்பட்டிருக்கிறது. எங்களிடம் மூலம் இல்லை. ஒரு பலகையின் வார்ப்பு மட்டும் சுவரில் இருந்தது. முசியூ துகே அந்தச் சட்டத்தின் பகுதிகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கும் பிரெஞ்சில் தானே மொழிபெயர்த்திருந்தார்.

எனக்கு அந்தச் சட்டத்தில் இருந்த மதிப்பு வருடா வருடம் கூடிக்கொண்டே போனது. ஊருக்கு ஆண்டுதோறும் இரண்டு தலைவர்கள். சந்தை, தெரு, குளிப்பு மண்டபம் ஆகியவற்றைப் பார்க்க இன்னும் இருவர். இவர்களுக்கு மேலே ஒரு மன்றம். மக்கள் பல பிரிவுகளாகப் பிரிந்து, பிரிவுக்கு ஒரு கூடையில் வாக்குப் போடுவார்கள். ஒரு பிரிவின் கூடைக்குக் காவல் நிற்பவர்கள் வேறொரு பிரிவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அதுவும் நேர்மையாக எண்ணுவோம் என்று சத்தியம் செய்துவிட்டு நிற்க வேண்டும். அது போதாதென்று, போட்டியிடுகிறவர்களும் தங்கள் ஆளைக் கூடைக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். வேறு இடத்திலிருந்து வந்து குடியிருப்பவர்களில் ரோமானியக் குடியுரிமையோ, அதற்கு ஒரு படி கீழான லத்தீன் உரிமையோ உள்ளவர்களுக்கும் வாக்கு உண்டு. சீட்டுக் குலுக்கி ஒரு பிரிவைத் தெரிவுசெய்து, அதில் அவர்கள் வாக்களிப்பார்கள். கடைசியாக, இந்தச் சட்டம் முழுவதையும் வெண்கலத்தில் வெட்டி, நிலத்தில் நிற்கிற ஒருவர் சரியாக வாசிக்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும்.

"இதை எழுதியவன் கூட்டத்தில் நின்ற குள்ளமான ஆளை நினைத்திருக்கிறான்" என்பார் முசியூ துகே. உடனே விரலை உயர்த்தி, "இது நான் நினைப்பது. சட்டம் சொல்லவில்லை" என்று சேர்த்துக்கொள்வார்.

அந்த ஊர்களில் பெண்களுக்கு வாக்கு இல்லை, அடிமைகளுக்கு எதுவுமே இல்லை. அதையும் நாங்கள் முதல் நாளிலேயே சொல்லிவிடுவோம். "இன்றைக்கு இந்த அறையில் பெண் பிள்ளைகளும் வாக்களிக்கிறார்கள். அந்த ஒரு விதியை நாங்கள் மீறுகிறோம். மீறுகிறோம் என்று தெரிந்துகொண்டே மீறுகிறோம்" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் பெண் பிள்ளைகள் அந்த இடத்தில் மேசையைத் தட்டுவார்கள்.

நான் சொல்ல வந்த வகுப்பு, மொன்றியலில் செயின்ட்-மிஷேல் என்ற வட்டாரத்திலிருந்து வந்தது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். ஹெய்ட்டிப் பிள்ளைகள் பாதிக்கு மேல், மிச்சம் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. அந்த வசந்தத்தில் மொன்றியல் முழுவதும் ஊராட்சியைப் பற்றித்தான் பேச்சு. இரண்டு வருடத்துக்கு முன் மொன்றியல் தீவிலிருந்த நகரங்களையெல்லாம் ஒரே மாநகரமாக இணைத்திருந்தார்கள். இப்போது பிரிய விரும்புகிற பழைய நகரங்கள் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸிலும் வானொலியிலும் அதே சண்டை. அந்தப் பிள்ளைகளும் அதைக் கேட்டு வளர்ந்திருந்ததால், தங்கள் ரோமானிய ஊருக்குச் சொந்த வட்டாரத்தின் 'மிஷேலை'யே லத்தீனாக்கி 'மிக்கேலியம்' என்று பெயர் வைத்தார்கள். "எங்கள் ஊரை யாரும் இணைக்க முடியாது" என்று ஒரு பையன் கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

தேர்தல் நடந்தது. முதல் தலைவர் தெளிவாக வந்துவிட்டார். இரண்டாவது இடத்துக்கு ஸ்டான்லி என்ற ஹெய்ட்டிப் பையனும் அபிராமி என்ற தமிழ்ப் பிள்ளையும் சரிசமமாக வந்தார்கள். நான் சட்டத்தை வாசித்தேன். சமமாக வந்தால், கல்யாணம் ஆனவர் முன்னால் வருவார்.

"யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது?" என்று கேட்டேன். அறை அதிர்ந்தது.

"அப்படியென்றால் அதிகம் பிள்ளைகள் உள்ளவர்."

ஸ்டான்லி தன் தம்பி தங்கைகளைக் கணக்கில் எடுக்கச் சொல்லி வாதாடினான். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. கடைசியில் சட்டம் சொன்னபடியே சீட்டுக் குலுக்கினோம். அபிராமியின் பெயர் வந்தது. ஸ்டான்லி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, போய் அவளுக்குக் கை கொடுத்தான்.

அபிராமி நல்ல தலைவியாக இருந்தாள். மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல், பேச முன் உதட்டைக் கடிப்பாள். பாடசாலை முற்றத்தில் பந்து விளையாடும் இடத்தைப் பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டிருந்த வழக்கு மிக்கேலியத்தின் மன்றத்துக்கு வந்தது. இரண்டு பக்கத்தையும் கேட்டு, சாட்சி விசாரித்து, இடத்தை நாட்களால் பங்கிட்டுக் கொடுத்தாள். பாடசாலையிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது என்று வகுப்பாசிரியை வந்து சொன்னார். முசியூ துகே பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

கடைசிக்கு முந்திய வருகையில், பதவி முடிகிற பகுதியை வாசித்தேன். தலைவராக இருந்து பதவிக்காலத்தை முடிப்பவர், தன் பெற்றோரோடும் மனைவியோடும் பிள்ளைகளோடும் ரோமானியக் குடியுரிமை பெறுவார். அபிராமி கையை உயர்த்தினாள்.

"பெற்றோருக்குமா?"

"சட்டம் அப்படித்தான் சொல்கிறது" என்றேன்.

உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசி வருகைக்குப் பெற்றோரையும் அழைப்பது வழக்கம். தலைவர்களுக்குத் தலையில் இலை வளையம் வைத்து, குடியுரிமை அறிவிப்பை உரக்க வாசித்து, பழரசமும் பிஸ்கட்டும் கொடுத்து முடிப்போம். அன்று நான் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சேலையும் அதன் மேல் குளிர்க் கோட்டும் போட்ட ஒரு பெண் என்னை நோக்கி நேராக வந்தார்.

"நீங்கள்தானே தமிழ் மிஸ்? பிள்ளை சொன்னவ. நான் கோமதி, அபிராமியின்ர அம்மா."

"வாங்கோ, உள்ள வந்து இருங்கோ" என்றேன்.

அவர் இருக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்தார்.

"இவருக்கு லீவு குடுக்கேல்ல மிஸ், டவுன்டவுனில ரெஸ்ரோரன்ற் குசினி வேலை. போட்டோ மட்டும் எடுத்துத் தந்தவர். என்ரதும் இருக்கு. இந்த அளவு சரியோ?"

"என்னத்துக்குப் போட்டோ?"

"சிற்றிசன் பேப்பருக்கு. பிள்ளை ஊரை நடத்தி முடிச்சதாலே தாய் தகப்பனுக்கும் குடுக்கினமாம் எண்டு சொன்னவ. எங்க மிஸ் கையெழுத்து வைக்கோணும்?"

நான் அந்த உறையைக் கையில் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று தள்ளவும் இல்லை. அவர்கள் திருகோணமலையிலிருந்து வந்தவர்கள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அங்கே அப்போது யுத்த நிறுத்தம், இனி ஆபத்தில்லை என்பது காரணம். அடுத்த மாதம் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று திகதி கொடுத்திருந்தார்கள். இதையெல்லாம் அந்த வாசலிலேயே, மூச்சு விடாமல், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார். இனி அதெல்லாம் முடிந்துபோன கதைதானே என்கிற மாதிரி.

முசியூ துகே தூரத்திலிருந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறார். வந்தார். நான் பிரெஞ்சில் சொன்னேன். இன்னொரு வழிகாட்டியைக் கூப்பிட்டு, பழரசத்தை முதலில் கொடுக்கச் சொன்னார். பிறகு கோமதிக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லி, எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். கோமதியை நல்ல கதிரையில் இருத்திவிட்டு, தான் மடக்குக் கதிரையில் எதிரே உட்கார்ந்தார்.

"ஜசேந்த், நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். மெதுவாக்க வேண்டாம்."

பிறகு அவர் சொன்னதை இன்றும் என்னால் சொல் மாறாமல் சொல்ல முடியும். "மதாம், இது பிள்ளைகளுக்காக நான் உருவாக்கிய ஒரு விளையாட்டு. இந்த அருங்காட்சியகத்தால் யாருக்கும் குடியுரிமை கொடுக்க முடியாது. உங்கள் மகள் கேட்டது உண்மையான ஒரு சட்டம். ஆனால் அது ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது, வேறொரு நாட்டுடையது. நீங்கள் இங்கே இப்படி வந்து நிற்கும்படி ஆனதற்கு நான்தான் பொறுப்பு. என்னை மன்னியுங்கள்."

நான் தமிழில் சொன்னேன். கோமதி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது விளையாட்டோ மிஸ்?"

"ஓம்."

"அந்தச் சட்டம் உண்மையெண்டு சொல்றார். அந்தக் காலத்தில உண்மையாவே தாய் தகப்பனுக்கும் குடுத்தவையோ?"

"குடுத்திருக்கினம்."

"நல்ல ஆக்கள்" என்றார். புகைப்படங்களை உறைக்குள் வைக்கப் பார்த்தார். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. முசியூ துகே குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அப்போது கதவடியில் அபிராமி நின்றாள். தலையில், அதற்குள் யாரோ வைத்துவிட்டிருந்த இலை வளையம். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தாயைப் பார்க்காமல், முசியூ துகேயைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசினாள்.

"எனக்கு விளையாட்டு என்று தெரியும், முசியூ. மதாம் பொய் சொல்லவில்லை. அம்மா சாப்பிடுவதில்லை. இரவில் நித்திரையும் இல்லை. நான் இதைச் சொன்ன அன்றைக்குச் சாப்பிட்டா. அதனால் அடுத்த நாளும் சொன்னேன்."

முசியூ துகே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை என்ன சொல்றா மிஸ்?" என்று கோமதி கேட்டார்.

சொன்னதை அப்படியே சொல்வதுதான் அன்றைய என் வேலை. சொன்னேன். கோமதி எழுந்து போய், அந்த இலை வளையம் நசியாமல் ஒரு பக்கமாகச் சாய்த்து, பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "இனி நீ சொல்லாட்டிலும் நான் சாப்பிடுறன்" என்றார்.

வெளியே பிள்ளைகள் தங்கள் தலைவியைக் கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள். அறிவிப்பை நான்தான் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த கோமதி எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

மறுநாள் காலை முசியூ துகே என்னைக் கூப்பிட்டார். குடிவரவுச் சட்டம் தனக்குத் தெரியாது என்றும், தெரியாத ஒன்றைப் பற்றி அந்தத் தாய்க்கு ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை என்றும் தொடங்கினார். வழக்கறிஞர் இருக்கிறாரா என்று கேட்கச் சொன்னார். இருந்தார். மனிதாபிமான அடிப்படையில் ஒரு மனு ஏற்கனவே போடப்பட்டிருந்தது, பதில் வரவில்லை.

"எனக்குத் தெரிந்தது ஊராட்சி மட்டும்தான்" என்றார். "அதனால் வட்டார மன்றத்துக்குத் தொலைபேசி எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்க, குடியுரிமை இருக்க வேண்டுமா? தேவையில்லையாம். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் போதுமாம்."

"முசியூ, வட்டார மன்றம் பார்ப்பது பனியும் குப்பையும். அவர்களால் என்ன தர முடியும்?"

"எதுவும் தர முடியாது. ஆனால் அவர் கேட்பதை அவர்கள் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டும்."

கோமதி முதலில் மறுத்தார். "நான் அங்க போய் என்னத்தைக் கதைக்கிறது? உள்ளதும் போயிடும்" என்றார். வழக்கறிஞரைக் கேட்டோம், அதனால் கெடுதல் ஒன்றும் வராது என்றார். கணவர் போகச் சொன்னார். கடைசியில், "கேள்வி மட்டுந்தானே? கேக்கிறன்" என்று சம்மதித்தார். பேச்சு ஒரு கேள்வியில் முடிய வேண்டும் என்பது அங்கத்தைய விதி. என்ன கேட்பது என்று நாங்கள் எழுதிக் கொடுக்க முன்வந்தபோது, வேண்டாம் என்றுவிட்டார்.

மன்ற மண்டபம் அன்று நிறைந்திருந்தது. வாகனம் நிறுத்துகிற இடம், உடைந்த நடைபாதை, பூங்காவில் இரவில் சத்தம் என்று ஒவ்வொருவராக மைக்குக்கு முன்னால் போனார்கள். நகரத்தை இணைத்த பிறகு தங்கள் தெருவை யாருமே கவனிப்பதில்லை என்று ஒரு முதியவர் மேசையில் அடித்துப் பேசினார். முசியூ துகே எங்களுக்குப் பின்வரிசையில், குளிர்த் தொப்பியை மடியில் வைத்தபடி, ஒவ்வொரு கேள்வியையும் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது திருவிழா.

கோமதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். போனோம். அவர் தமிழில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் பிரெஞ்சில் சொன்னேன்.

"வணக்கம். நான் செயின்ட்-மிஷேலில இருக்கிறன். என்ர மகள் இஞ்சத்தைய பள்ளிக்கூடத்தில படிக்கிறா. நான் கோடையில பள்ளிக்கூடத் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறனான். என்ர மனுசன் இஞ்ச சமைக்கிறார், இந்த ஊர் ஆக்கள்தான் சாப்பிடுகினம். அடுத்த மாசம் எங்களைப் போகச் சொல்லியிருக்கினம். அதை நிப்பாட்ட உங்களால ஏலாது எண்டு எனக்குத் தெரியும். அதை நான் கேக்கேல்ல."

நிறுத்தி, மூச்சு எடுத்தார்.

"என்ர கேள்வி இதுதான். நாங்கள் இந்த ஊர் ஆக்களோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்து முடித்தபோது, மேசையில் அடித்துப் பேசிய முதியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தலைமை வகித்தவர் பேனாவை வைத்தார். குடிவரவு தங்கள் கையில் இல்லை என்றுதான் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டு, "ஆனால் நீங்கள் கேட்டது அது அல்ல. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஆம், மதாம். நீங்கள் இந்த ஊரவர்" என்றார்.

நான் கோமதியிடம், "ஓமாம். இந்த ஊர் ஆக்கள்தானாம்" என்றேன். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். முசியூ துகேயாக இருக்காது. அவர் பொது இடத்தில் கைதட்டுகிற ஆள் இல்லை. ஆனால் நான் திரும்பியபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்திலேயே ஓர் உறுப்பினர், இந்தக் குடும்பத்தை இருக்க விடும்படி மத்திய அரசைக் கேட்கும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். நிறைவேறியது. ஸ்டான்லியின் தாய், தேர்தலில் தோற்ற அதே ஸ்டான்லியின் தாய், செயின்ட்-மிஷேலில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். வழக்கறிஞர் எல்லாவற்றையும் மனுவோடு இணைத்தார். நீதிமன்றம், மனுவுக்கு முடிவு வரும்வரை அவர்களை அனுப்பக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்தது. எது எவ்வளவு உதவியது என்று எங்களுக்குத் தெரியாது. இது முசியூ துகேயின் மூன்றாவது வாக்கியம். அதைத் தவிர வேறு எதையும் என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது.

அந்த வருடக் கடைசியில் கடல் வந்தது. மட்டக்களப்பில் எனக்குத் தெரிந்த தெருக்கள் போயின. திருகோணமலைக் கரையில் கோமதியின் மாமியார் வீடும் போனது. வீட்டில் இருந்தவர்கள் கோவிலுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். நான் துக்கம் விசாரிக்கப் போனபோது அவர், "போயிருந்தா அந்த வீட்டிலதான் மிஸ் இருந்திருப்பம். ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்குப் போற ஆள் இல்லை" என்றார். அதற்குப் பிறகு வந்த ஆண்டில் அவர்களுக்கு நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது.

அருங்காட்சியகத்திலும் ஒரு சிறு போராட்டம் நடந்தது. விடயம் மேலிடத்துக்குப் போனதும், குடியுரிமை தருகிற அந்தப் பகுதியையே பட்டறையிலிருந்து எடுத்துவிடலாம் என்று நிர்வாகம் யோசனை சொன்னது. யாருக்கும் வீண் நம்பிக்கை வராதே என்றார்கள். முசியூ துகே கோபத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "அந்தச் சட்டம் இப்படிச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். ஒரு ஊருக்கு உழைத்தவரை அந்த ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று தெரிய வேண்டும். இன்றைக்கு இங்கே அப்படி இல்லை என்பதையும் நாங்களே சொல்வோம். இரண்டையும் சொல்வோம்" என்றார். பகுதி நிலைத்தது. அன்றிலிருந்து நாங்கள் அந்த இடத்தில் இரண்டையும் சொன்னோம். பெற்றோருக்கு அனுப்பும் அழைப்பை அவரவர் மொழியிலும் எழுதினோம். தமிழில் நான் எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து முசியூ துகே ஓய்வு பெற்று காஸ்பேக்குத் திரும்பிப் போனார். அங்கே தன் ஊர் மன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றதாக ஒரு அஞ்சலட்டை வந்தது. எண்ணிக்கை நேர்மையாக நடந்தது என்று அதில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார்.

நித்யா, உன் கேள்விக்குப் பதில் இதோடு முடிகிறது. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், பனி கொட்டிய ஒரு மாரிகாலம். கோமதி தொலைபேசி எடுத்தார். மிஸ் என்பது அதற்குள் அக்கா ஆகியிருந்தது.

"அக்கா, நாளையிண்டைக்கு மன்றக் கூட்டம். வாறீங்களோ? பேர் குடுத்திட்டன்."

மொழிபெயர்க்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, முன்வரிசையில், எழும்ப வசதியாக ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். பெயரைக் கூப்பிட்டதும் நானும் பாதி எழுந்தேன். கோமதி என் தோளில் கையை வைத்து, "நீங்கள் இருங்கோ அக்கா" என்றுவிட்டுப் போனார்.

மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, பிரெஞ்சில் தொடங்கினார். திருகோணமலை உச்சரிப்பில், ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறி, ஆனால் ஒரு சொல்லும் தடுமாறாமல் வந்தது. பாடசாலைக்கு முன்னால் பிள்ளைகள் தெருவைக் கடக்கிற இடத்தில், பனி அள்ளுகிற வண்டி ஒவ்வொரு தடவையும் பனியை மலையாகக் குவித்துவிட்டுப் போகிறது. சாரதிக்குப் பிள்ளை தெரிவதில்லை, பிள்ளைக்கு வண்டி தெரிவதில்லை. போன கிழமை ஒரு பிள்ளை தப்பியது பெரும்பாடு. அதை யார் அகற்றுவது?

பொறுப்பான உறுப்பினர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். மிக முக்கியமான விடயம் என்றார். கவனத்தில் எடுப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தார்.

கோமதி நகரவில்லை.

"எப்ப, முசியூ?" என்றார்.

உறுப்பினர் பக்கத்தில் இருந்த அதிகாரியோடு குசுகுசுத்தார். முடிந்தவரை விரைவாக என்றார்.

"எந்த நாள்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டொருவர் கால் மாறி நின்றார்கள். கோமதி ஒரு கையால் மைக்கின் தண்டைப் பிடித்தபடி காத்திருந்தார். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் ஒரு நாளைச் சொன்னார்கள். அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு வந்து உட்கார்ந்தார்.